உடைந்த கப்பலில் உபசாரம்



சென்ற இரண்டு வாரமாய் உங்கள் வீட்டுப் படிகளை ஏறி இறங்கினேன். வந்த காரியம் உங்களுக்குத் தெரியும். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்கிற வாலிபரில் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. கும்லா, சிம்டேகா, சுந்தர்கட் என்று அவர்கள் சொல்லும் பிரதேசங்களில் கத்தோலிக்கர் ஏராளம். மேளமும் ஆட்டமுமாய்க் கிறிஸ்மஸ் கொண்டாடிப் பழகிய பிள்ளைகள் இங்கே தகரக் கொட்டகைகளில் நெருக்கியடித்துப் படுத்துக் கிடக்கிறார்கள். பாலன் பிறந்த இராத்திரிப் பூசைக்கு வருகிறவர்களை மறுநாள் மத்தியானம் வரையில் வீட்டுக்கு இருவராய் நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடுமா என்று கேட்கத்தான் வந்தேன்.

முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அநேகமாய் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "சாமி, வீடு இப்போ சரியில்லைங்க." ஒரு வீட்டில் போர்வெல் மோட்டார் எரிந்துபோயிற்று. ஒரு வீட்டில் தக்காளிக்கு விலை விழுந்து, வாங்கிய கடன் கழுத்தில் நிற்கிறது. ஒரு வீட்டில் மாமியார் நடுக்கூடத்தில் படுத்த படுக்கையாய் இருக்கிறார். இன்னொரு வீட்டில் கழிப்பறைக்குக் கதவில்லை. இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நானும் உங்களைப்போலத்தான். மேதகு ஆயர் வருகிறார் என்றால், கால் உடைந்த நாற்காலியை எல்லாம் சக்கிரீஸ்திக்குள் தள்ளிப் பூட்டி விடுகிறவன் நான்.

ஆகையால் இன்று உங்களைக் கொஞ்சநேரம் கடலுக்கு அழைத்துப் போகிறேன். ராயக்கோட்டைக்காரருக்குக் கடல் அவ்வளவு பரிச்சயமில்லை. மலையும் கோட்டையும் ரயிலடியும் தெரிந்த நமக்குக் கப்பல் என்றால் படத்தில் பார்த்ததுதான். உலகத்தில் சிலர் சிறு பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு தேசம் தேசமாய்ப் போகிறார்கள். கொச்சியில் போல்காட்டித் தீவுப் பக்கம் இப்படிப்பட்ட படகுகள் வந்து தங்குவதற்கென்றே ஒரு துறை உண்டு. உப்புத்தண்ணீரில் மிதக்கிற வீட்டில் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாய்த்தான் இருக்கும்: இயந்திரம் நிற்கும், பாய் கிழியும், குழாய் அடைக்கும். எல்லாம் சரியான பிறகுதான் சிநேகிதரை அழைப்பேன் என்று இருந்தால், ஆயுசு முழுவதும் ஒருவரையும் அழைக்க முடியாது. ஆகையால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. விருந்தாளி படகில் ஏறினதும், உயிர்காக்கும் சட்டை எங்கே இருக்கிறது, கழிப்பறைக் கைப்பம்பை எப்படி அடிக்கவேண்டும், நல்ல தண்ணீர் எவ்வளவு மிச்சம், எதைத் தொட்டால் உடையும் என்று வீட்டுக்காரரே முதலில் சொல்லிவிடுவார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படுவதில்லை. சொல்லாமல் மறைத்தால் இருவருக்கும் ஆபத்து.

நம் இந்தியக் கடற்படையில் அதிகாரியாய் இருந்த அபிலாஷ் டோமி என்பவரைப்பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். 1968-ஆம் ஆண்டுக்கு முந்திய கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தன்னந்தனியாய்ப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் பந்தயத்தில் அவர் 2018-ல் கலந்துகொண்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி இந்துமகா சமுத்திரத்தின் தென்பகுதியில் பெரும்புயலில் அவருடைய படகின் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடிபட்டு, எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தார். அவருக்கு உதவப் புறப்பட்டவர்களில் ஒருவர் கிரெகர் மக்கக்கின் என்ற ஐரிஷ்காரர். அவரும் அதே பந்தயக்காரர். அதே புயலில் அவருடைய படகும் பாய்மரங்களை இழந்திருந்தது. கிடைத்ததைக் கட்டித் தற்காலிகமாய் ஒரு பாய் ஏற்றி, உடைந்த படகோடு அடிபட்டவரை நோக்கித் திரும்பினார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று முந்திக்கொண்டு வந்து டோமியை ஏற்றிக்கொண்டது. பிறகு மக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது. "என் படகே ஓட்டை, உனக்கு எங்கே இடம்?" என்று அவர் கேட்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

2022-ல் நடந்த அடுத்த பந்தயத்தில் தாப்பியோ லெஹ்தினென் என்ற பின்லாந்துக்காரருடைய படகு தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே நவம்பர் 18-ந் தேதி மூழ்கிவிட்டது. ரப்பர் தெப்பத்தில் மிதந்தவரைத் தேடி, தன்னந்தனியே போய்க்கொண்டிருந்த கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்மணி பந்தயப் பாதையை விட்டு இராத்திரியெல்லாம் படகைச் செலுத்திக்கொண்டு போனார். மறுநாள் அவரைத் தம் படகில் ஏற்றி, ஒரு கோப்பை ரம் கொடுத்து உபசரித்து, பிறகு அவ்வழியே வந்த ஒரு சரக்குக் கப்பலுக்கு மாற்றிவிட்டார். (மதுவிலக்குச் சங்கத்தார் மன்னிக்க வேண்டும், படகில் இருந்தது அதுதான்.) ஒருவர் மட்டும் இருக்கும்படி ஏற்பாடான படகில் இரண்டாம் ஆளுக்கு இடம் கிடைத்தது. அந்த அம்மாளே 2023 ஏப்ரலில் பந்தயத்தை வென்றார். முதுகு தேறி மறுபடியும் புறப்பட்ட நம் டோமி இரண்டாவதாக வந்தார். வழியில் படகைத் தானே திருப்பும் காற்றாடிச் சுக்கான் பழுதாகி, கழிப்பறைக் கதவை அறுத்துத்தான் அதைச் சரிக்கட்டினாராம். கதவில்லாத வீட்டுக்காரர் இதைக் கேட்டுத் தேறுதல் அடையலாம்!

இனி வேதாகமத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களை இன்று இராத்திரி ஜெபத்துக்குப் பிறகு வீட்டில் யாராவது உரக்க வாசியுங்கள். அர்ச். சின்னப்பர் கைதியாய் உரோமைக்குக் கொண்டுபோகப்படுகிறார். கோதுமை ஏற்றிய கப்பல். அதில் 276 பேர். கிரேத்தா தீவை விட்டதும் சூறாவளி பிடித்தது. கப்பல் பிளந்துபோகாதபடி அடியில் கயிறு சுற்றிக் கட்டினார்கள், சரக்கை எறிந்தார்கள், மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையே எறிந்தார்கள். பல நாளாய்ச் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. பதினாலாம் இராத்திரி ஈயக்குண்டு விட்டுப் பார்த்தால் ஆழம் இருபது பாகம். கொஞ்சதூரம் போய்ப் பார்த்தால் பதினைந்து பாகம். கரை கிட்ட இருக்கிறது, பாறையும் கிட்ட இருக்கிறது.

அப்போது கப்பலாட்கள் செய்ததைக் கவனியுங்கள். முன்புறம் நங்கூரம் போடப் போகிறோம் என்று சாக்குச் சொல்லி, சிறு தோணியை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தார்கள். கப்பலுக்கு உடையவர்போல் நடக்கவேண்டியவர்கள், ஏற்றிவந்த ஜனங்களை விட்டு ஓடப் பார்த்தார்கள்! கப்பல் பழுதானது அவர்கள் குற்றமில்லை. பழுதைச் சாக்காக வைத்து ஓடப் பார்த்ததுதான் குற்றம். சின்னப்பர் அதைக் கண்டு நூற்றுவர் தலைவனுக்குச் சொன்னார். சேவகர் கயிற்றை அறுத்துத் தோணியை விட்டுவிட்டார்கள்.

பொழுது விடியப் போகிற நேரம். கைதி ஒருவர் எல்லாரையும் சாப்பிட அழைக்கிறார். கப்பல் அவருடையதல்ல, அப்பமும் அவருடையதல்ல. கப்பலுக்குச் சேதம் வரும் என்பதை அவர் முன்பே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஒருவருடைய உயிரும் போகாது என்பதையும் சொல்லியிருந்தார். அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி, பிட்டுச் சாப்பிடத் துவக்கினார். அதைக் கண்டு மற்றவர்களும் தைரியமடைந்து சாப்பிட்டார்கள். அவர் புயல் ஓயட்டும் என்று காத்திருக்கவில்லை. விருந்து முடிந்து சில நாழிகைக்குள் கப்பல் மணலில் மோதிப் பின்புறம் உடைந்தது. நீந்தியும், பலகைகளைப் பற்றிக்கொண்டும் 276 பேரும் கரையேறினார்கள்.

அந்தக் கரை மால்தா தீவு. மழையும் குளிருமாய் இருந்தபடியால் தீவார் நெருப்பு மூட்டி வரவேற்றார்கள். சின்னப்பர் சும்மா உட்கார்ந்து குளிர்காயவில்லை. தாமே சுள்ளி பொறுக்கி நெருப்பில் போட்டார். விருந்தாளிக்கு ஒரு வேலை கொடுப்பதில் வெட்கப்படவேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

தீவுக்குத் தலைவன் புப்ளியுஸ். அவன் அவர்களைத் தன் வீட்டில் மூன்று நாள் அன்போடு உபசரித்தான் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். அடுத்த வரியில்தான் நமக்குத் தெரிகிறது: அந்த வீட்டில் புப்ளியுஸின் தகப்பனார் காய்ச்சலும் இரத்தபேதியுமாய்ப் படுத்திருந்தார். கிழவர் அப்படிக் கிடக்கையில், கரையில் ஒதுங்கிய அந்நியருக்கு எந்த வீட்டில் கதவு திறப்பார்கள்? வீடு சரியில்லை என்று சொல்ல அவனைவிட நியாயமுள்ளவன் யார்? அவன் சொல்லவில்லை. நோயாளியைப் பின்கட்டில் மறைத்தும் வைக்கவில்லை. மறைத்திருந்தால் சின்னப்பருக்கு எப்படித் தெரியும்? அவர் உள்ளே போய், ஜெபம் செய்து, கைகளை வைத்துக் குணமாக்கினார். நடுக்கூடத்தில் மாமியாரைப் படுக்க வைத்திருக்கிற மகளே, இதை உன்னை மனதில் வைத்துத்தான் சொல்லுகிறேன். உன் கூடத்துக்குள் வருகிற பையன்களுக்கும் ஊரில் ஒரு பாட்டி இருப்பாள். அவளைப் பார்த்து எத்தனை வருடமாயிற்றோ.

கிறிஸ்மஸ் இராத்திரி பூசை முடிந்ததும் பிள்ளைகள் கோவில் வாசலில் நிற்பார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்த வாரத்துக்குள் உபதேசியாரிடம் கொடுங்கள். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்; அவர்களுக்கு முன்னதாகவே தெரிவித்து விடுவேன். மோட்டார் எரிந்த வீட்டுக்காரர் மட்டும் பூசை முடிந்து என்னைத் தனியே பாருங்கள். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதுதான் தொழில்.