சிக்கனம் யாருக்கு அறம்?

சிக்கனம் நற்பண்பு என்று வகுப்பறையில் நாம் போதிக்கிறோம். ஆனால், அந்தப் பண்பைக் கட்டாயத்தின் பேரில் பயில்பவர் யார், பயிலாமலே வாழ வசதி படைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இன்று கையடக்கத் தொலைபேசி அக்கேள்வியை நம்முன் வைத்திருக்கிறது.

திருக்கோவிலிலும், அதற்கு வடக்கே அக்கரைப்பற்று, கல்முனை ஈறாக உள்ள கரையோர ஊர்களிலும் இருவகைப்பட்டோரைக் காண்கிறோம். மாதக் கட்டணம் செலுத்தி வீட்டில் வைஃபை வைத்திருப்போர் ஒரு வகையினர். அன்றன்றைய கூலியில் மிஞ்சியதைக் கொண்டு ரீலோட் செய்து, குறித்த நாளில் காலாவதியாகிவிடும் டேட்டாவை எண்ணியெண்ணிச் செலவிடும் கடற்றொழிலாளரும் வயற்கூலிகளும் மற்ற வகையினர். முன்னவர் வீட்டில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்னவரோ ஒரு செய்தியைப் பார்த்தவுடன் டேட்டாவை அணைத்து விடுகிறார். வணிக உலகம் இதனை நுகர்வோரின் பழக்கம் என்கிறது. இது பழக்கமன்று, வருமானத்தின் நிழல்.

மொத்தமாக வாங்குவோருக்கு மலிவு, சில்லறையாக வாங்குவோருக்கு விலை அதிகம் என்பது அரிசிக்கும் உண்டே என்று சிலர் வாதிக்கலாம். உண்மைதான். ஆனால், வாங்கிய அரிசி ஏழு நாளில் பானையிலிருந்து மறைந்து விடுவதில்லை. அன்றியும், குறைந்த விலைப் பெக்கேஜ்கள் சில, குறிப்பிட்ட சமூக ஊடகங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகின்றன. உள்ளவனுக்கு இணையம் முழுவதும். இல்லாதவனுக்கு அதன் ஒரு மூலை! இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பார்க்கும் தளத்துக்கேற்ப வேறுபடும் இத்தகைய கட்டணங்களை 2016 பெப்ரவரியில் தடை செய்தது. அறிவின் வாசலில் ஆளுக்கொரு கதவு வைப்பது நியாயமன்று என்பதே அதன் பொருள்.

இனி நம்மையே நாம் விசாரிப்போம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைபேசிக்குள் புகுந்தன. வைஃபை உள்ள வீட்டிலிருந்து ஆசிரியர் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை அனுப்புகிறார். அவருக்கு மேலதிகச் செலவு ஏதுமில்லை. அதனைத் திறக்கும் மாணவியின் தந்தைக்கோ அது ஒரு நாளைய டேட்டா. ஒரு மணி நேர வீடியோ பல நூறு மெகாபைட்டுகளை விழுங்கும். அதே பாடத்தின் எழுத்து வடிவத்துக்கு அதில் மிகச் சிறு பங்கே போதும். பாடத்தைத் திறக்காத பிள்ளையைச் சோம்பேறி என்று தீர்ப்பளித்தோமே, அவளுடைய மீதித் தொகையை விசாரித்தோமா?

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தது. வகுப்புக்குக் கட்டணமில்லை என்று சட்டம் சொல்ல, வகுப்புக்குச் செல்லும் பாதைக்குக் கட்டணம் அறவிடப்பட்டால் அந்த இலவசம் எங்கே நிற்கிறது?

எழுத்தில் அனுப்பக்கூடியதை எழுத்திலேயே அனுப்புவோம். பாடசாலையிலும் நூலகத்திலும் உள்ள வைஃபையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கோருவோம். இவை சிறிய காரியங்கள். இவற்றோடு கடமை முடிந்துவிடாது. ஊர்க்கிணற்றுக்குப் பூட்டுப் போடுவதை அநீதி என்று உணர்ந்த மக்கள், கல்விக்குச் செல்லும் வழியையும் பொதுச்சொத்தாகக் கேட்கும் நாள் வரவேண்டும். அதுவரை, ஏழையிடம் சிக்கனத்தைப் போதிக்க நமக்கு உரிமையில்லை.