பத்து நாள்

1990 ஜூனில் இலங்கையில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை மறுபடி மூண்டபோது எனக்கு எட்டு வயது. வாப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றி, நாவிதன்வெளிக் கொலனியிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, சாய்ந்தமருதில் சாச்சி வீட்டில் விட்டார். “பத்து நாளைக்குத்தான் மகன். வந்து கூட்டிப் போறன்” என்றார். கல்லோயாத் திட்டத்தில் மூத்தாப்பாவுக்குக் கிடைத்த வயலை விட்டுவர அவருக்கு மனமில்லை. அவரை விட்டுவர உம்மாவுக்கும் மனமில்லை. பத்து நாள் மூன்று வருசமானது.

சாச்சி ஒரு குறையும் வைக்கவில்லை. மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். ஆனாலும் மஃரிபு பாங்கு கேட்டால் கடப்படிக்குப் போய் நிற்பேன். வாப்பா வட்டையிலிருந்து வீடு திரும்பும் நேரம் அது. முதல் பத்து நாளை விரல்விட்டு எண்ணினேன். பிறகு எண்ணுவதையே விட்டேன்.

போருக்குப் பயந்து பிள்ளைகளைப் பிரித்து அனுப்புவது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1939 செப்டெம்பரில் பிரித்தானியா சில நாட்களுக்குள் ஏறக்குறைய 15 இலட்சம் பேரை நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது, பெரும்பாலோர் பிள்ளைகள். குண்டு விழாத மாதங்களில் பல தாய்மார் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். லண்டனில் போர்க்காலப் பிள்ளைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்ட், சின்னப் பிள்ளைகளைக் குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே அதிகம் உலுக்கியது என்று கண்டார். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்த ஆண்டில்தான் கல்கிசை சென் தோமஸ் கல்லூரி குருத்தலாவை மலையில் கிளை திறந்தது. அங்கே போன பிள்ளைகளுக்குக் கூடவே ஆசிரியர்களும் கூட்டாளிகளும் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் திசையே மாறியது. உட்பகுதிக் கிராமங்களிலிருந்து கரையோரப் பட்டணத்துக்கு ஓடினோம். பிரித்தானியப் பிள்ளைகளைப்போல் எனக்கு ரயிலும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. சாச்சியின் வீட்டுக் கதவுதான் இருந்தது. அது திறந்ததால் இன்று உயிரோடு இருக்கிறேன். வாப்பா செய்தது சரி. அதில் எனக்கு ஐயமே இல்லை.

பெரியவனானபின் ஒருநாள் கேட்டேன்: “ஏன் வாப்பா பத்து நாள் எண்டு சொன்னீங்க?”

நெடுநேரம் பேசாமலிருந்து சொன்னார்: “எனக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கிட்டன் மகன். இல்லாட்டி உன்ன உட்டுட்டு வந்திருக்க மாட்டன்.”

அன்றோடு என் கோபம் கரைந்தது, கேள்வி கரையவில்லை. பிள்ளையை அனுப்பும் நாளில் பெரியவர்களுக்கு ஒரு பொய் தேவைப்படுகிறது. அந்தப் பொய்யை நம்பிக் காத்திருப்பது பிள்ளை. “எப்ப எண்டு தெரியா, ஆனா வருவன்” என்று வாப்பா சொல்லியிருந்தால் அன்று அதிகம் அழுதிருப்பேன். ஆனால் பதினோராம் நாள் என்னை மறந்துவிட்டார் என்று நினைத்திருக்க மாட்டேன்.

இன்று போர் இல்லை. என் தெருவில் ஒரு தாய் வீட்டு வேலைக்கு சவூதி போகிறாள். நாலு வயது மகளிடம் “கடைக்குப் போயிட்டு வாறன்” என்று சொல்லப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். இரண்டு நோன்புப் பெருநாள் கழியும் என்று பிள்ளைக்குச் சொல்லச் சொன்னேன். அவ்வளவையும் அந்தப் பிஞ்சு தாங்குமா என்று கேட்டாள். அழும், ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.