கடற்கரைப் பயணமும் தேசவிரதமும்



பொங்கல் விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் பயணப் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. முன்னாளில் திருமலைக்கோ பொன்னூர் மலைக்கோ கூண்டுவண்டி கட்டினோம். இந்நாளில் வாசலில் மகிழுந்து நிற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் காத்திருக்கிறது. சென்னையிலிருந்து புதுவை வரை ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவு. ஒருபுறம் கடல், மறுபுறம் கழியும் உப்பளமும் பனந்தோப்பும். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டலாம், பறவைகளைக் காட்டலாம் என்று குடும்பம் குடும்பமாகப் புறப்படுகின்றனர்.

அண்மையில் சுவாத்தியாயம் முடிந்து எழும் வேளையில் ஓர் இளைஞர் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, தலயாத்திரை போவது புண்ணியம் என்கிறீர்கள். சும்மா ஊர் சுற்றிக் கடலையும் பறவையையும் பார்த்துவிட்டு வருவது பாவமா?"

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே அதனை இங்குச் சற்று விரித்துரைக்க விழைகிறேன்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்டத்தை ஐவகையாகப் பகுத்தார். பயன் ஏதுமின்றி உயிர்களுக்கு ஊறு விளைப்பதே அனர்த்ததண்டம். அவ்வைந்தனுள் ஒன்று பிரமாதசரியை, அதாவது கவனமற்ற ஒழுகலாறு. காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறடித்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளைக் கிள்ளுதல் ஆகியவற்றை அதில் சேர்த்த ஆசாரியர், நோக்கமின்றித் தான் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சேர்த்தே எண்ணினார். அருங்கலச்செப்புப் பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று.

திரிதலே குற்றம் என்றால், விடுமுறைப் பயணம் முழுவதும் குற்றந்தானே என்று இளைஞர் கேட்கலாம். ஆம் என்று கூறிவிடுவது எளிது. கூறியிருந்தால் அவர் தலையசைத்துவிட்டு மறுநாளே வண்டியை எடுத்திருப்பார்! ஆனால் அவ்வாறு கூறவும் இயலாது. ஏனெனில் நம் தீர்த்தங்கரருள் ஒருவருடைய துறவே ஒரு பயணத்தின் நடுவில், வழியோரத்தில் விலங்குகளைக் கண்டதால் நிகழ்ந்தது.

கடலோர நகராகிய துவாரகையின் அரசிளங்குமரர் நேமி, இராசமதியை மணம் புரியத் தேரேறிச் சென்றார். வழியில் அடைபட்டு அலறும் மான் கூட்டத்தைக் கண்டார். அவரோடு வந்த எத்தனையோ பேர் அதனைக் கண்டிருப்பர். மணவிழாச் சிறப்புகளுள் ஒன்றென எண்ணிக் கடந்திருப்பர். நேமி ஒருவரே, "இவை ஏன் அடைக்கப்பட்டன?" என வினவினார். விருந்துக்கென்று அறிந்ததும் தேரைத் திருப்பினார். மணக்கோலம் களைந்தார், ஊர்ச்சயந்தகிரி ஏறினார். தேர் ஓடியதும் ஒரே வழி, கண்டதும் ஒரே காட்சி. வேறுபட்டது காணும் முறைதான்.

அந்த நேமிநாதருக்கும் நம் கடற்கரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மயிலாப்பூரில் அவருக்குக் கோயில் இருந்தது. அவிரோதி நாதர் திருநூற்றந்தாதி பாடியது அம்மயிலை நாதரையே. கடல் அரிப்புக்கு அஞ்சி அத்திருமேனி மேல்சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டது என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. ஆகவே மயிலையில் தொடங்கித் தெற்கே செல்லும் கரைவழியில் போகின்ற நாம், ஒருவகையில் அவர் வந்த திசையிலேயே போகிறோம்.

இனி வழியில் நாம் செய்வதைப் பார்ப்போம்.

மரக்காணத்தை அடுத்துக் கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. தென்னாட்டு உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டுக்கு அடுத்த பெருமை இதற்கே. திண்டிவனம் சுற்றுவட்டாரத்து நம் மக்களுக்கு இது பக்கத்து ஊர் ஏரி. 2021ஆம் ஆண்டு பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் இராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பனிக்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வடநாடுகளிலிருந்து வரும் உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் சேற்றில் இரை தேடி நிற்கும். நீண்ட வான்வழி வந்தவை அவை. பங்குனி சித்திரையில் மீண்டும் அவ்வழியே திரும்ப வேண்டியவை. அதற்குரிய வலுவை உடலில் சேர்த்துக்கொள்ளும் இடம் இது. ஒருமுறை வெருண்டு எழுந்தால் சேர்த்ததில் ஒரு பகுதி கரைகிறது. நாளெல்லாம் வெருட்டினால், திரும்பும் வழியில் எங்கோ, நம் கண்ணுக்குப் படாத இடத்தில் அதன் விளைவு நேரும்.

கரையில் என்ன நடக்கிறது? நான் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டி நின்றதும் ஒருவர் கைதட்டுகிறார், பறவைகள் கூட்டமாக எழுந்தால் படம் அழகாயிருக்குமாம். இன்னொருவர் வண்ணத் துண்டை வீசி ஆட்டுகிறார். சிறுவன் மண்ணாங்கட்டியை எறிகிறான். வசதி படைத்தவர் ட்ரோன் என்னும் சிறு பறக்கும் கருவியை ஏரியின் நடுவே அனுப்புகிறார். திரும்பும்போது பெண்டிர் மடியில் சங்கும் சிப்பியும்.

இக்காட்சியைக் கண்டு நின்றபோது என் நினைவுக்கு வந்தது தத்துவார்த்த சூத்திரம். அதன் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் தேசவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தைக் குறித்தார். தேசவிரதமாவது, இத்தனை நாள் வரை இந்த எல்லைக்கு அப்பால் செல்லேன் என வரையறுத்துக்கொள்வது. கால் எல்லையைத் தாண்டாமலே விரதம் மாசுபடும் வழிகள் ஐந்து: எல்லைக்கு வெளியிலிருந்து பொருளைத் தருவித்துக்கொள்ளுதல், வெளியே ஏவலரை அனுப்புதல், ஒலியெழுப்பிக் குறிப்புணர்த்துதல், உருவைக் காட்டிக் குறிப்புணர்த்துதல், கல் முதலியவற்றை வீசுதல்.

நினைத்துப் பாருங்கள். சங்கும் சிப்பியும் தருவித்தல். ட்ரோன் ஏவலாள். கைதட்டு ஒலி. ஆட்டிய துண்டு உருவம். மண்ணாங்கட்டி கல். ஒன்றும் குறையவில்லை! கரையைவிட்டு ஓரடி இறங்காமலே ஐந்து அதிசாரங்களும் நிகழ்ந்துவிட்டன. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, பறவை பார்க்கும் பயணமே இல்லாத காலத்தில், ஆசாரியர் எதை எண்ணி இவற்றை வரிசைப்படுத்தினார்? உடலை மட்டும் நிறுத்திவிட்டு, ஆசையை எல்லை தாண்ட விடும் மனத்தை அவர் அறிந்திருந்தார். அதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

சங்கு பொறுக்குவதில் என்ன குற்றம், உள்ளே உயிரில்லையே என்பாரும் உளர். நேமிநாதரின் இலாஞ்சனம் சங்கு; அப்பக்தியால் எடுத்தேன் என்றே ஓர் அம்மையார் கூறினார். ஆனால் வெற்றுச் சங்கில் குடிபுகுந்து வாழும் துறவி நண்டு என்னும் உயிர் உண்டு. மென்மையான உடலைக் காக்க அதற்கு வேறு வீடில்லை. வளர வளரப் பெரிய சங்கைத் தேடியாக வேண்டும். நம் அலமாரியில் அழகுக்கு இருப்பது, அங்கே ஓர் உயிருக்கு வீடு.

இதுவரை பிறர் குற்றம் கூறினேன். என் குற்றத்தையும் கூறியாக வேண்டும்.

2019ஆம் ஆண்டு மாசி மாதம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் தங்கினோம். பொழுது சாயுமுன் உணவை முடித்தோம். தங்குமிடத்தார் வியந்து காரணம் கேட்டபோது நான் பெருமையோடு விளக்கினேன்: இரவில் விளக்கேற்றி உண்டால் ஒளியை நாடிப் பூச்சிகள் வந்து மடியும், ஆதலால் எங்கள் குலத்தார் இரவுண்ணார். அவரும் கைகூப்பினார். பிறகு, இரவு ஒன்பது மணியளவில், கடலாமை கரையேறும் பருவம் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளோடு கடற்கரைக்கு நடந்தோம். ஆளுக்கொரு கைவிளக்கு. என் பேரனுக்கு விளக்கை வாங்கிக் கொடுத்தவன் நானே.

பங்குனி ஆமை ஒன்று வந்தது. கரிய பாறை நகர்வதுபோல் அலையிலிருந்து ஏறி, மணலில் மெல்ல ஊர்ந்தது. பேரன் "தாத்தா, தாத்தா!" எனக் கூவி விளக்கை அடித்தான். உடனே எங்கள் விளக்குகள் எல்லாம் அதன்மேல் விழுந்தன. யாரோ கைப்பேசியில் படமும் பிடித்தனர். அது நின்றது. தலையைத் திருப்பிற்று. குழி தோண்டாமலே, வந்த சுவட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சுவடு பதித்துக் கடலுக்குள் போய்விட்டது. வலையருகே இருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்தார். "ஐயா, வெளக்க அணைங்க. முட்டை போட வந்தது, பயந்து போயிடுச்சே" என்றார். அவர் குரலில் சினமில்லை. அதுவே என்னைச் சுட்டது.

பிறகு விசாரித்து அறிந்தவை: இந்த ஆமை ஒருமுறைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மணலைவிட்டு வெளிவந்து, எத்திசை ஒளியாக இருக்கிறதோ அத்திசை நோக்கி ஓடும். இயற்கையில் இரவில் ஒளிர்வது விண்மீனும் நிலவும் பட்டு மின்னும் கடல்தான். கரையில் விடுதி விளக்கும் சாலை விளக்கும் எரிந்தால் அவை கடலுக்கு முதுகு காட்டிச் சாலைக்கு ஓடும். நாயின் வாயிலும் சக்கரத்தின் அடியிலும் மாயும். விடிந்தபின் வெயிலில் உலரும். இதனைத் தடுக்கவே 1988 முதல் சென்னையில் மாணவர் அமைப்பொன்று இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துவருகிறது. அவ்விளைஞர்களுள் எத்தனை பேர் அணுவிரதம் பற்றிக் கேட்டிருப்பர்!

விளக்கொளியில் மடியும் பூச்சிக்காக உணவையே துறந்த குலத்தில் பிறந்த நான், அதே விளக்கை ஏந்திச் சென்று ஐயறிவுயிரின் பேறுகாலத்தைக் கெடுத்தேன். முனிசுவிரத பகவானின் இலாஞ்சனம் ஆமை என்பதும் அன்றிரவு எனக்கு உறைத்தது. அன்றைய ஆலோசனையில் நெடுநேரம் கண்மூட இயலவில்லை.

2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கினால், நுரையீரலால் மூச்சு விடும் ஆமை மேலே வரமுடியாமல் மூழ்கி இறக்கும். அச்செய்தி வந்தபோது, "நாம் மீன் உண்பதில்லை, இப்பாவம் நம்மைச் சேராது" என்று நம்மவர் பேசக் கேட்டேன். வலையின் பாவம் நம்மைச் சேராதிருக்கலாம். விளக்கின் பாவம்? கடற்கரையில் மனை வாங்கி வீடு கட்டியோர் நம்மிலும் உண்டு. அவர்தம் மாடி விளக்கு மாசி பங்குனியில் எத்திசை நோக்கி எரிகிறது?

வேடந்தாங்கல் மக்களைப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, சட்டம் பிறக்கு முன்பே, தம் ஏரிப் பறவைகளை வேட்டையிலிருந்து காத்துவருகின்றனர். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட பயன். தன்னலந்தானே என்று நாம் குறைகூறலாம். ஆனால் அவர்கள் ஏரியில் பறவை இருக்கிறது.

அப்படியாயின் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்பர் சிலர். முனிவர் அவ்வாறே மழைக்கால நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர். பிற காலத்தும் பகலொளியில், நான்கு முழம் முன்னே பார்த்தே அடி வைக்கின்றனர். நமக்கு அந்நிலை இல்லை. ஆனால் விலங்கைக் காணாமலே வளரும் பிள்ளை விலங்கிலும் ஆன்மா உண்டென்பதை ஏட்டில் மட்டுமே அறிவான். பார்சுவநாதர் ஒரு முற்பிறவியில் யானையாயிருந்து, முனிவர் அறவுரை கேட்டு விரதம் ஏற்றார். பிற யானைகள் கலக்கிய நீரையே பருகி, உலர்ந்த சருகையே உண்டார். மகாவீரரோ சிங்கப் பிறவியில் நற்காட்சி எய்தினார். இக்கதைகளைப் பாட்டி கூறக் கேட்ட குழந்தை ஏரிக்கரையில் கூழைக்கடாவை நேரில் காணும்போது, அதனைப் பொம்மையாகக் காணாது. அந்தக் காட்சிக்காகச் செல்வது பயனற்ற திரிதல் ஆகாது என்றே நான் கருதுகிறேன். இளைஞருக்கு இதுவே என் விடை.

சென்ற தை மாதம் மீண்டும் சென்றோம். வீட்டிலேயே தேசவிரதம் ஏற்றுப் புறப்பட்டோம்: மரக்காணத்துக்குத் தெற்கே போவதில்லை, இருட்டியபின் வண்டி ஓட்டுவதில்லை, கரையிலிருந்து எதையும் எடுப்பதில்லை. கைவிளக்கை வைத்துவிட்டு வரலாம் என்று முதலில் சொன்னவன் பேரன். கழுவெளிக் கரையில் காலை இரண்டு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். முதலில் தொலைவில் நின்ற பூநாரைகள் மெல்ல மெல்ல மேய்ந்துகொண்டே எங்கள் பக்கம் வந்தன. படம் எதுவும் எடுக்கவில்லை. நண்பகலில் திண்டிவனம் வழியாகச் சித்தாமூர் சென்று நேமிநாதரை வணங்கி, பொழுது சாயுமுன் உணவு முடித்து, மடத்திலேயே தங்கினோம்.