கோழி மிதித்தால்...

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் அப்பாக்கள், ஒரு காலத்தில் வாத்தியாரிடம் தவறாமல் சொன்ன வசனம் ஒன்று உண்டு. ''கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, மத்த இடத்துல தோலை உரிச்சுடுங்க சார்!''

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் குழந்தையை அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சரி, வீட்டுக்குள் ஓங்குகிற கைக்கு? அதற்கு நம்மிடம் ஒரு லைசென்ஸ் இருக்கிறது. பழமொழி லைசென்ஸ். 'கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?'

சாகுமா, சாகாதா? இதைக் கோழி வளர்ப்பவர்களிடம்தானே கேட்க வேண்டும்! கேட்டுப் பாருங்கள். ''சில சமயம் செத்துடும்ங்க'' என்பார்கள். பொரிந்த அன்றைக்கு, ஈரம்கூடக் காயாத குஞ்சு. இடமோ குறுகலான பெட்டி. தாய் சட்டென்று எழுந்து திரும்பினால் காலடியில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அகலமான கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு அடை வைக்கிறார்கள். தண்ணீர் வைக்கிற தட்டில்கூட நாலு கூழாங்கல்லைப் போடுவார்கள், குஞ்சு விழுந்து மூழ்கிவிடக் கூடாதே என்று. பழமொழியை நம்பி அவர்கள் சும்மா இருப்பதில்லை!

இருந்தாலும், பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துக்கொள்கின்றன. ஏன்?

அந்தத் தாயைக் கொஞ்சம் கவனியுங்கள். 21 நாள் அடை. இரை எடுக்கவும் தண்ணீர் குடிக்கவும் கொஞ்ச நேரம் இறங்கும். மற்றபடி முட்டைதான் கதி. வயிற்றுப்பக்கம் இறகு உதிர்ந்து, வெறும் தோலின் சூடு முட்டையில் நேரடியாகப் படும். அலகால் முட்டைகளைப் புரட்டிக் கொடுக்கும். பொரிவதற்கு முன்பே உள்ளே இருந்து குஞ்சு கீச்சிடும். தாய் மெல்லக் குரல் கொடுக்கும். முதலில் வந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பின்தங்கியவர்களுக்காகக் காத்திருக்கும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இருப்பதால், முதலில் வந்தவை இரண்டு நாள் வரைகூட இரையில்லாமல் தாங்கும். அந்த அவகாசத்தில் மெதுவான பிள்ளையும் வந்து சேர்ந்துவிடுகிறது.

அப்புறம் பாடம் ஆரம்பம். தரையைக் கிளறும். 'க்ளக் க்ளக்' என்று கூப்பிடும். நொய்யையோ கரையானையோ கொத்தி, குஞ்சின் முன்னால் போடும். மறுபடி கொத்தும், மறுபடி போடும். பருந்து வட்டமடித்தால் ஒரு எச்சரிக்கைக் குரல். அத்தனையும் ஓடிவந்து இறக்கைக்குள் புகுந்துவிடும். தப்பாகக் கொத்திய குஞ்சை மிதித்துத் திருத்துகிற வழக்கம் இந்தப் பாடத்திட்டத்தில் கிடையவே கிடையாது.

2011-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வெளியானது. தாயின் கண்ணெதிரே குஞ்சுகள் மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள். காயம் கிடையாது, சும்மா ஒரு சங்கடம். அதற்கே தாய்க்கோழியின் இதயத்துடிப்பு கூடியது; குஞ்சுகளை அழைக்கிற குரல் அதிகமானது. குஞ்சுக்கு ஒன்று என்றால் அதற்குத் துடிக்கிறது!

ஆக, கோழி மிதிப்பது விபத்து. நாம் அடிப்பதோ தீர்மானம். விபத்துக்குச் சொல்லும் சமாதானத்தைத் தீர்மானத்துக்கும் சொல்கிறோமே, அதுதான் நியாயமில்லை.

''அட, எங்கப்பா பெல்ட்டால அடிச்சதாலதான் சார் நான் இன்னிக்கு உருப்பட்டேன்!'' என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அடிதான் உருப்பட வைத்ததா, அல்லது அதே அப்பா ராத்திரி பகல் உழைத்து ஃபீஸ் கட்டியதா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இன்னொன்று, பிழைத்த குஞ்சுதான் வளர்ந்து பெருமை பேசுகிறது. நசுங்கிய குஞ்சு எங்கே போய்ச் சொல்லும்?

அப்படியானால் கோழி கண்டிப்பே காட்டாதா? காட்டும். இரண்டு மாதம் வாக்கில் குஞ்சுக்கு இறகு முளைத்து, தானாகக் கிளறித் தின்னப் பழகியிருக்கும். அப்போது அதே தாய் கொத்தி விரட்டும். கிட்டே வந்தால் மறுபடி ஒரு கொத்து. பார்க்க நமக்குக் கஷ்டமாக இருக்கும். 'இனி உன்னால முடியும், போ' என்பதுதான் அந்தக் கொத்துக்கு அர்த்தம்.

இங்கேதான் நாம் கோழிக்கு நேர் எதிர். நாலு வயதில், ஒன்றும் புரியாத பருவத்தில் அடிக்கிறோம். இருபத்தைந்து வயதில், எல்லாம் புரிகிற பருவத்தில் விடமாட்டேன் என்கிறோம். என்ன படிக்க வேண்டும், எங்கே வேலைக்குப் போக வேண்டும், யாரைக் கட்ட வேண்டும் எல்லாமே நம் இறக்கைக்கடியில்! அணைக்க வேண்டிய வயதில் மிதி, அனுப்ப வேண்டிய வயதில் அணைப்பு.

பிள்ளை வளர்ப்பில் கோழியை உதாரணம் காட்டுவதென்றால் தாராளமாகக் காட்டலாம். ஆனால், முழுக்கோழியையும் காட்ட வேண்டும். அதன் காலை மட்டும் கடன் வாங்கக் கூடாது!