பார்க்கும் உரிமை

வாசகரே, ஒரு பொருளை நாம் விரும்புவதாலேயே அதை அழித்துவிட முடியுமா?

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, மொந்தினியாக் என்னும் சிற்றூரின் அருகில் லஸ்கோ என்றொரு குகை உண்டு. 1940ஆம் ஆண்டு செப்டெம்பரில் இளைஞர் நால்வர் அதனைக் கண்டுபிடித்தனர். உள்ளே காளைகள், குதிரைகள், மான்கள். ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர் தீட்டியவை. 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1955 அளவில் நாளொன்றுக்கு 1,200 உல்லாசப் பயணிகள் வந்தனர்.

கெடுக்க வேண்டுமென்று வந்தவர்கள் அல்லர் அவர்கள். பார்த்தார்கள், மூச்சு விட்டார்கள்; அவ்வளவுதான். அந்த மூச்சின் காபனீரொட்சைட்டும் ஈரமும், அவர்களது உடற்சூடும் குகைக்குள் தேங்கின. சுவர்களில் பச்சைப் பாசி தோன்றிற்று. வெண்ணிறச் சுண்ணப் படலம் படிந்தது. காற்றைச் சீராக்க இயந்திரம் பொருத்தியும் பயனில்லை. 1963இல், அந்திரே மல்ரோ கலாசார அமைச்சராயிருந்தபோது, குகை மூடப்பட்டது.

இதில் குற்றவாளி யார்? தனித்தனியே பார்த்தால் ஒருவருமில்லை. "நான் ஒருவன் போனால் என்ன வந்துவிடும்?" என்பது நியாயமான கேள்விதான். அதையே நாள்தோறும் 1,200 பேர் கேட்டதுதான் வினையாயிற்று. பங்கு போட்டுச் செய்யப்படும் தீமை யாருடைய மனச்சாட்சியையும் உறுத்துவதில்லை.

"ஆராய்ச்சியாளர் போகலாம், கூலித் தொழிலாளி போகக்கூடாதோ?" என்று நீங்கள் கேட்கலாம். வலுவான கேள்வி. அரிய பொருள்கள் படித்தவர்களின் தனிச்சொத்தாகிவிடக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் அதிலே பங்குண்டு. அவர்கள் வாசலில் வந்துநின்று வழக்காட முடியாதே! அவர்களுக்காக எவரேனும் கதவை அடைக்கத்தான் வேண்டும்.

1983இல், குகையிலிருந்து 200 மீற்றர் தூரத்தில் ஒரு பிரதி திறக்கப்பட்டது. கூட்டம் அங்கே திரும்பியது. 2016இல் மலையடிவாரத்தில் இன்னும் முழுமையான பிரதியொன்று வந்தது. இவற்றைப் போலி என்று இகழ்வாருமுண்டு. பிரதி என்று சொல்லியே காட்டும்போது அதில் ஏமாற்று என்ன இருக்கிறது? மூலத்தைக் காப்பதற்காகப் பிரதியோடு திருப்திப்படுகிறவர், மூலத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறவரைவிட அதனை மதிக்கிறார் என்பேன்.

மூலக் குகையோ கதவடைத்தும் குணமாகவில்லை. காற்றுச் சாதனத்தை மாற்றியதையடுத்து, 2001இல் வெண்பங்கசு உள்ளே பரவிற்று. அதனை அடக்கச் சுண்ணாம்பும் மருந்தும் இடவேண்டியதாயிற்று. இன்று பராமரிப்போரும் ஆய்வாளருங்கூட எண்ணிக்கொடுத்த நேரத்துக்குத்தான் அங்கே நுழைகின்றனர்.