ஊர் சுற்றிக் காட்டுபவர்

பிலடெல்பியாவை ஒட்டிய வில்லனோவா பல்கலைக்கழகத்தை அகுஸ்தினார் சபைத் துறவிகள் 1842-இல் தொடங்கினார்கள். இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ 1977-இல் கணிதப் பட்டம் வாங்கியது அங்கேதான். நர்சிங், இன்ஜினியரிங், வணிகம் என்று எதில் சேர்ந்தாலும் முதலாண்டு மாணவர்கள் அனைவரும் அங்கே இரண்டு பருவங்களுக்கு ஒரு பொதுப்பாடம் படித்தாக வேண்டும். பாடத்தின் பெயரிலேயே, சபைக்குப் பெயர் தந்த புனித அகுஸ்தினார் இருக்கிறார். முதல் பருவத்தில் பழங்கால நூல்கள், அடுத்ததில் பிற்காலத்தவை. சின்னச் சின்ன வகுப்புகள். மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும், எழுத வேண்டும்.

இந்த வகுப்புகளை நடத்துபவர்களில் சிலர் ஃபெல்லோஷிப்பில் வருகிறவர்கள். மெய்யியலிலோ இலக்கியத்திலோ இறையியலிலோ அண்மையில் முனைவர் பட்டம் முடித்தவர்கள். வேலை சில ஆண்டுகளுக்குத்தான். அமெரிக்காவில் இந்தத் துறைகளில் நிரந்தரப் பணியிடம் அரிதாகிவிட்டதால், வகுப்பு எடுத்துக்கொண்டே அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய நிலை. இந்த நிச்சயமின்மையை நான் சிறிதாக நினைக்கவில்லை. வாடகைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் கணக்குப் போடுகிற மனத்தோடு ஒருவர் பிளேட்டோவைப் பேச வேண்டியிருக்கிறது.

அதைவிட ஆழமான சங்கடம் ஒன்றும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரே கேள்வியைத் தோண்டியவர், அந்தக் கேள்வியை யாருமே கேட்காத அறைக்குள் நுழைகிறார். அன்றைக்குப் பாடம் அகுஸ்தினாரின் தன்வரலாறான 'கன்ஃபெஷன்ஸ்', இரண்டாம் பகுதி என்று வைத்துக்கொள்வோம். பதினாறு வயதில், இரவு நேரத்தில், நண்பர்களோடு சேர்ந்து பக்கத்து மரத்துப் பேரிக்காய்களைத் திருடிய கதை. பசிக்காகத் திருடவில்லை, அதைவிட நல்ல பழம் அவரிடமே இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். "பேரிக்காய் திருடினதுக்கா இத்தனை பக்கம் புலம்புறார்?" என்று ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். ஏதேன் தோட்டத்து மரம் இதன் பின்னால் நிற்பதையும், ரோமானியச் சதிகாரர் கத்திலினாவின் கொடுமைகளை அகுஸ்தினாரே இங்கு இழுத்து ஒப்பிடுவதையும் ஆசிரியர் விளக்கலாம். எல்லாம் சரியான விளக்கமே, ஆனாலும் கேட்டவருக்கு அது எட்டாது. அதற்குப் பதில், தனியாக இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன் என்று அகுஸ்தினார் சொல்லும் இடத்தைக் காட்டி, "நீங்க செய்திருப்பீங்களா?" என்று கேட்டால் போதும். வீட்டை விட்டு விடுதிக்கு வந்து சில வாரமே ஆன பதினெட்டு வயதுக்காரர்கள் அவர்கள். நாலு பேர் சிரிக்கும்போது நாமும் சிரிக்காமல் இருக்கக் கூச்சமாக இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த வகுப்பில் பேச்சு எங்கே போகும் என்று ஆசிரியருக்கே தெரியாது. எத்தனையோ முறை படித்த பக்கம், அன்றைக்குத்தான் முதன்முறையாக அவரிடமும் கேள்வி கேட்கிறது.

அகுஸ்தினாரும் சம்பளத்துக்கு வகுப்பெடுத்தவர்தான். கார்த்தேஜில் மாணவர்களின் அடாவடி பொறுக்காமல் ரோமுக்குப் போனார். அங்கே பிள்ளைகள் அமைதியானவர்கள், ஆனால் கட்டணம் கொடுக்கும் நாள் நெருங்கினால் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் மாறிவிடுவார்கள். பிறகு மிலானில் பெரிய பதவி, சொற்கலைப் பேராசிரியர். பேரரசரைப் புகழ்ந்து பேசுவதும் அதில் அடக்கம். 386-இல் அந்தப் பதவியை விட்டுவிட முடிவெடுத்தார். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் இருந்தன, ஆனாலும் ஆர்ப்பாட்டம் செய்யாமல், திராட்சை அறுவடை விடுமுறை வரும்வரை சுமார் இருபது நாள் பொறுத்திருந்து விலகினார். பேச்சை விற்கும் சந்தையிலிருந்து என் நாவை மெல்ல விலக்கிக்கொண்டேன் என்பது போல அதைப் பின்னாளில் எழுதுகிறார். பதவி போயிற்றே தவிர, கற்பிப்பது 430-இல் ஹிப்போவில் கண் மூடும்வரை நிற்கவில்லை.

விலகிய சில ஆண்டுகளில் தன் மகன் அதெயோதாத்துஸோடு நடத்திய உரையாடலை நூலாக்கினார். அதில் ஒரு கேள்வி வருகிறது: ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக யாராவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்களா? ஆசிரியரின் சொல் ஒன்றைச் சுட்டுகிறது. அது உண்மைதானா என்று மாணவர் தனக்குள்ளே பார்த்துத்தான் அறிகிறார். உள்ளே இருந்து கற்பிப்பவர் கிறிஸ்து என்பது அகுஸ்தினாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லாத மாணவரும் அதே வகுப்பில் இருக்கிறார். அவரும் தனக்குள் பார்த்துத்தான் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியும். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று எல்லா மாணவரையும் தைரியமாக இந்த வகுப்பு மேசைக்கு அழைக்க முடிவது இதனால்தான் என்று நினைக்கிறேன். உண்மை ஆசிரியரின் சொத்து அல்ல என்றால், அதன் முன்னே இருவரும் ஒரே பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில் கார்த்தேஜைச் சேர்ந்த தெயோகிராத்தியாஸ் என்ற திருத்தொண்டர் அகுஸ்தினாருக்கு ஒரு குறையை எழுதினார். புதிதாக வருகிறவர்களுக்கு அரிச்சுவடியையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பேசப் பேச எனக்கே சலித்துப்போகிறது என்று. பதிலாக அகுஸ்தினார் ஒரு சிறு நூலே எழுதிவிட்டார். அதில் மிக நடைமுறையான யோசனைகள் இருக்கின்றன. கேட்பவர் நின்று களைத்துவிட்டால் உட்கார இடம் கொடு, கொட்டாவி விட்டால் மனம் மலரும்படி எதையாவது சொல் என்கிறார். அவற்றுக்கு நடுவே இதையும் சொல்கிறார்: நாம் பார்த்துப் பார்த்துக் கவனிக்காமலே கடந்துபோகும் அழகான இடங்களை, அவற்றை இதுவரை பார்த்திராதவருக்குக் காட்டும்போது, அவருடைய புதுமையில் நமக்கும் அவை புதிதாகின்றன. காட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் நட்பு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு புதிதாகின்றன. அன்பிருந்தால், தாம் கேட்பதை அவர்கள் நமக்குள் இருந்து பேசுகிறார்கள், கற்பிப்பதை நாம் அவர்களுக்குள் இருந்து கற்கிறோம்.

முனைவர் பட்டத்துக்காக எழுதும் ஆய்வேட்டில் இப்படிப் புதிதாவது நடப்பதில்லை. அங்கே தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தவர்களிடம் நிறுவ வேண்டும். இங்கே, முதலாண்டு வகுப்பில், எதிரே இருப்பவருக்கு ஊரே புதிது. ஒப்பந்தம் முடியும் ஆண்டில் அதே பழைய நூலை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு எதிரிலும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறக்கிறார்.