மேயும் ஆடு, அசைபோடும் பசு

தாம்பரம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் காதில் இயர்போனும் கையில் செல்போனுமாக நிற்பவர்கள் எல்லோரும் சினிமா பார்ப்பதில்லை. சிலர் பாடம் பார்க்கிறார்கள். வீடு கூடுவாஞ்சேரியில், வேலை கிண்டிக்கு அப்பால் என்று இருப்பவருக்கு மாலைக் கல்லூரி எட்டாது, ஆன்லைன் கோர்ஸ்தான் எட்டும். பணம் கட்டுமுன் அவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி, ‘எனக்கு இந்த முறை ஒத்துவருமா?’ என்பது. இதற்கென்றே வினாத்தாள்கள் உண்டு. நியூசிலாந்துக்காரரான நீல் ஃபிளெமிங் 1987இல் உருவாக்கிய ‘வார்க்’ அவற்றில் பேர்பெற்றது. பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, படித்தும் எழுதியும் கற்பவரா, செய்து கற்பவரா என்று அது நம்மைப் பிரித்துச் சொல்லிவிடும். பார்வைக்கு இது சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய தத்துவ முடிவு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: கற்பதற்கு முன்பே ‘நான்’ என்று முழுமையாக ஒன்று இருக்கிறது, கல்வி அதற்கு அளவெடுத்துத் தைக்கவேண்டிய சட்டை. இந்த முடிவு தவறு என்று நினைக்கிறேன்.

முதலில் ஆய்வு சொல்வது. ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் இந்தக் கொள்கைக்கு ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்தார்கள். பார்த்துக் கற்பவர் படத்தாலும் கேட்டுக் கற்பவர் பேச்சாலும் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று முறையாக நிறுவிய ஆய்வு ஏறக்குறைய இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியவந்தது. மனிதருக்கு விருப்பங்கள் இருக்கின்றன, அதை யாரும் மறுக்கவில்லை. விருப்பப்படி பாடம் நடத்தினால் பாடம் நன்றாக ஏறும் என்பதற்குத்தான் சான்று போதவில்லை. சைவ சித்தாந்தத்துக்கு இது புதுச் செய்தி அல்ல. உயிரின் இலக்கணம் ‘சார்ந்ததன் வண்ணம் ஆதல்’ என்கிறது அது. பளிங்கு பக்கத்தில் உள்ள நிறத்தை வாங்கிக்கொள்வதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதுவாக நிற்கும். அப்படியானால் இந்தக் கோர்ஸ் எனக்கு ஒத்துவருமா என்று கேட்பதைவிட, இதைச் சார்ந்தால் நான் என்ன ஆவேன் என்று கேட்பது பொருத்தம்.

அந்தக் கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டுச் சமண முனிவர் பவணந்தி வைத்துவிட்டுப் போன கருவி இன்றும் மழுங்கவில்லை. நன்னூலின் பாயிரம் மாணவர்களை வகைப்படுத்துகிறது, ஆனால் கண், காது என்று புலன்வழியாக அல்ல, நடத்தைவழியாக. பாலை மட்டும் பிரித்தெடுக்கும் அன்னமும், வயிறு நிறைய மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பசுவும் முதல் வகை. உழுகிறவன் உழைப்புக்கு ஏற்ப விளையும் மண்ணும், சொன்னதைச் சொல்லும் கிளியும் இடை வகை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, கசடைப் பிடித்துக்கொண்டு நெய்யை விட்டுவிடும் பன்னாடை ஆகியவை கடை வகை. இவற்றில் ஆட்டைத்தான் இன்றைக்குக் கவனிக்கவேண்டும். நிறைய தழை இருந்தாலும் ஒரு செடியில் நில்லாமல் செடிக்குச் செடி தாவி நுனி கடிக்கும் ஆடு. பைத்தானில் இரண்டு வாரம், டேட்டா சயன்ஸில் ஒரு வாரம், நடுவில் ஜெர்மன் மொழி என்று திரிகிறவரை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார் மனிதர். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவச இணையப் பாடங்களில் சேர்ந்தவர்களில் 2017–18இல் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். அதே பாடங்களில் சான்றிதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் முடித்தார்கள். கட்டியவர்கள் முன்பே உறுதி கொண்டவர்களாக இருக்கலாம், எல்லாவற்றையும் பணத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் வேலியில்லாத மேய்ச்சல் யாரை ஆடாக்கும் என்பதற்கு இது ஒரு குறிப்பு. பசுவுக்கோ இதைவிட நல்ல புல்வெளி கிடையாது. நிறுத்தலாம், பின்னால் போகலாம், இரவில் இன்னொரு தரம் கேட்கலாம்.

நன்னூல் இன்னொரு கணக்கும் தருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கினாலும் கால் பங்குதான் சேரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி அரை, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். வீடியோ எத்தனை உயர்ந்ததானாலும் முதல் காலைத்தான் தரும். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்து, செலையூர், புனித தாமஸ், பிஷப் ஹீபர் விடுதிகளைச் சுற்றி மாணவர் வாழ்க்கையை அமைத்தபோது, வகுப்புக்கு வெளியே உள்ள பங்குக்கும் இடம் ஒதுக்கியது. இணையக் கல்வியைக் கட்டியவர்களுக்கும் இது தெரியும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களுக்குக் கல்லூரிகளில் உள்ளூர் மையம் உண்டு, அதற்கென ஒரு ஆசிரியர் உண்டு. 2020இல் அதே நிறுவனம் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பிலும் தேர்வை நேரில் போய்த்தான் எழுதவேண்டும்.

குரு எதிரில் இல்லாமல் கல்வியே இல்லை என்பவர்கள் அருணந்தி சிவாச்சாரியாரைக் காட்டுவார்கள். ஆணவத்தின் வடிவம் என்ன என்று நின்றபடி கேட்ட அந்த முதிய பண்டிதரை, சிறுவர் மெய்கண்டார் மேலும் கீழும் பார்த்தார் என்பது மரபு வரலாறு. பதில் அந்தப் பார்வையிலேயே இருந்தது. எந்தப் பதிவும் இதைச் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் பார்க்கிற கண் தரம் பிரிக்கவும் செய்யும். துரோணர் ஏகலைவனைப் பார்த்தார், பார்த்ததனால்தான் மறுத்தார். எவ்வளவோ வகுப்பறைகளில் பிள்ளையின் ஊரும் தெருவும் முதல் வரிசையா கடைசி வரிசையா என்பதைத் தீர்மானித்திருக்கின்றன. வீடியோவுக்கு யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது, அந்தக் குருட்டுத்தனம் பலருக்கு முதன்முதலாகக் கிடைத்த மரியாதை. இதை மறைத்துவிட்டு குருகுலப் பெருமை பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஏகலைவனும் துரோணரின் பிரதிமையை மட்டும் நம்பியிருக்கவில்லை. காட்டில் வில்லும் இலக்கும் இருந்தன, அம்பு தவறினால் தவறு என்று இலக்கே சொல்லிவிடும். கணக்குக்கும் கம்ப்யூட்டர் நிரலுக்கும் அப்படி ஓர் இலக்கு உண்டு, அவற்றைத் தனியாகவே கற்கலாம். பாட்டுக்கும், நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியத்துக்கும், தன்னைப் பற்றிய அறிவுக்கும் இலக்கு அவ்வளவு வெளிச்சமாக இல்லை, பிழையைச் சொல்ல இன்னொருவர் வேண்டும்.

அருணந்தியைக் காட்டும் அதே சைவம் தூரத்துக் கல்வியையும் ஏற்றுக்கொள்கிறது. குரு சீடருக்குத் தரும் தீக்கையில் தொட்டுத் தருவது பறவை அடைகாப்பது போல, பார்த்துத் தருவது மீன் போல, நினைத்துத் தருவது ஆமை போல என்பார்கள். ஆமை மணலில் முட்டையிட்டுவிட்டுக் கடலில் இருந்தபடி நினைக்கும், அந்த நினைவிலேயே குஞ்சு பொரியும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இன்றும் முட்டையிட வருகின்றன. ஆனால் நகரத்து விளக்கு வெளிச்சம் குஞ்சுகளைக் கடல் பக்கம் போகவிடாமல் ரோட்டுப் பக்கம் இழுத்துவிடும். அதனால் 1988 முதல் மாணவர் குழு ஒன்று அந்த மணலில் இரவெல்லாம் நடக்கிறது. கிடைக்கும் முட்டைகளைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோய்ப் பொரிப்பகத்து மணலில் மறுபடி புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேலாகிக் குஞ்சுகள் வெளிவந்ததும், அலைக்குச் சில அடி முன்னால் விடுகிறார்கள். மீதி தூரம் குஞ்சுகளே நடக்கின்றன.